எங்கள் வீட்டில் மட்டும் ஓடாத கம்ப்யூட்டர்

அந்த ஆடி மாதம் என் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டபோது, நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த கன்னட நாவலின் கடைசி இரண்டு அத்தியாயங்கள் அதற்குள் இருந்தன. மற்றதையெல்லாம் சென்னைப் பதிப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன். கதாநாயகி வீட்டை விட்டுக் கிளம்பும் இடத்தில் ஒரு பத்தி மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. காலையில் அதைச் சரிசெய்து, இரண்டு அத்தியாயத்தையும் அனுப்பிவிட்டு, அப்புறம்தான் சமையல் என்று முடிவு செய்திருந்தேன்.

காலையில் பட்டனை அழுத்தினேன். விசிறி சுற்றியது. நீல விளக்கு எரிந்தது. மானிட்டரில் என்னவோ வரப்போகிற மாதிரி ஒரு வெளிச்சம் தெரிந்தது. பிறகு எல்லாம் ஒரேயடியாக அணைந்துவிட்டது. மறுபடி அழுத்தினேன். மறுபடி அதே விசிறி, அதே விளக்கு, அதே இருட்டு. சில சமயம் அதுகூட இல்லை, கல்லை அழுத்துகிற மாதிரி இருந்தது.

ஆடிக்காற்று அடித்தால், தங்கச்சுரங்க ஊரான எங்கள் கோரமண்டலில் ஜன்னல் திறக்க முடியாது. சுரங்கத்திலிருந்து வெட்டியெடுத்துத் தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சயனைடு மண், மலை மலையாக ஊருக்குள்ளேயே கிடக்கிறது. காற்று வந்தால் அந்த மண் மாவு மாதிரி பறந்து சாம்பார்ப் பாத்திரம் வரை வந்துவிடும். கம்ப்யூட்டர் மேல் நான் எப்போதும் பழைய புடவைத் துணியைப் போட்டு மூடி வைப்பேன். அதனால் தூசி என்ற யோசனை முதலில் எனக்கு வரவில்லை. என் கணவருக்கும் வரவில்லை.

என் கணவர் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதே தொழிற்சாலையில் வேலை கிடைத்துத்தான் அவருடைய அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தார். வீடு உயரத்துக்கு நிற்கும் மண்வாரி இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டியவர் என்பதால், உலகத்தில் எந்த இயந்திரமும் தனக்கு அடங்கியதே என்பது அவருடைய நம்பிக்கை. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, டெஸ்டரும் டார்ச்சுமாக வந்தார். எதையும் மின்சாரம் வரும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்றார். சுவரிலிருந்த பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். அதில் மின்சாரம் வருகிறது என்பதை எனக்கு நிரூபிக்க, சமையலறையிலிருந்து மிக்சியைத் தூக்கிவந்து அங்கே மாட்டி ஓடவிட்டார். காலி மிக்சி என் எழுதும் அறையில் நின்று கத்தியது. மின்சாரம் இருக்கிறது என்று நானும்தான் சொன்னேன், விளக்கு எரிகிறதே என்று. அவர் அதை ஏற்கவில்லை. விளக்கு எரிவது வேறு, மெஷின் கரண்ட் இழுப்பது வேறு என்றார்.

பிறகு எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் பிரித்தார். பிறகு மானிட்டர் வயரை மாற்றினார். மத்தியானம் ஆகிவிட்டது. நான் ரசமும் அப்பளமும் வைத்து முடித்தேன். பதிப்பாளர் போன் செய்தார். அச்சகத்தில் இடம் பிடித்து வைத்திருக்கிறார்களாம், இந்த வாரத்துக்குள் முழுசாக வந்தாக வேண்டுமாம். வந்துவிடும் என்று சொன்னேன்.

என் அண்ணனைக் கேட்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. ஆனால் அதில் ஒரு சங்கடம் இருந்தது.

அண்ணன் மாரிகுப்பத்தில் இருக்கிறார். தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய், ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களையெல்லாம் பார்த்துக்கொள்ளும் வேலை செய்துவிட்டு, பொழுது போனபின் திரும்புவார். போகும்போதும் வரும்போதும் அந்த ரயில் எங்கள் கோரமண்டல் ஸ்டேஷனில் நிற்கும். அண்ணன் இறங்கமாட்டார். அவரும் என் கணவரும் பேசிக்கொள்வதை நிறுத்திச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. காரணத்தைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். பக்கத்துப் பகுதியான மைசூர் மைன்ஸில் எங்கள் உறவுக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்தில் மைக் செட் நின்றுவிட்டது. இரண்டு பேரும் சரிசெய்யப் போனார்கள். ஒருவர் மாட்டிய வயரை மற்றவர் பிடுங்கினார். கடைசியில் ஸ்பீக்கர் புகைந்துபோயிற்று. பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி என் கணவர், ஆபீசில் மவுஸ் மாற்றுகிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றார். அண்ணன், நைட் ஷிப்டில் தூங்கியே ரிட்டயர் ஆகப்போகிறவர்கள் வாய் திறக்கக் கூடாது என்றார். அத்தோடு சரி. பொங்கல், தீபாவளி, எங்கள் அம்மாவின் திதி எல்லாவற்றிலும் ஒருவர் வாசல்பக்கம் உட்கார்ந்தால் மற்றவர் கொல்லைப்பக்கம் போய்விடுவார். நடுவில் நான் பலகாரத் தட்டோடு நடந்து நடந்து சலித்துப்போனவள்.

இருந்தாலும் சாயங்காலம் போன் செய்தேன். அண்ணன் ரயிலில் இருந்தார். பங்காருப்பேட்டை தாண்டினால் சிக்னல் போய்விடும், சீக்கிரம் சொல்லு என்றார். சொன்னேன்.

"இன்னாம்மா, ஃபேன் சுத்தி நிக்குதா? ரேம் கழட்டி ரப்பர்ல தேய்க்கச் சொல்லு உன் வூட்டுக்காராண்ட. பென்சில் அழிக்கிற ரப்பர்."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். என் கணவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ரப்பர் வைத்துத் தேய்க்க இது என்ன மூன்றாம் வகுப்பு நோட்டா என்று அவரிடம் கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை. அதற்குள் சிக்னல் போய்விட்டது.

மறுநாள் காலையில் நான் குளித்துவிட்டு வந்தபோது, கம்ப்யூட்டர் பெட்டி கட்டில்மேல் மல்லாந்து கிடந்தது. பக்கத்து மூடி திறந்திருந்தது. என் கணவர் ஒரு பச்சை நிறப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தார். இது அண்ணன் சொன்னதுதானே என்றேன். இல்லை, நான் நேற்று ராத்திரியே யோசித்து வைத்திருந்தேன் என்றார். பட்டையை மாட்டி, அப்படியே படுக்கை நிலையிலேயே பட்டனை அழுத்தினார். விசிறி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மானிட்டரில் எழுத்து வந்தது, படம் வந்தது, என் பெயர் போட்டு பாஸ்வேர்டு கேட்டது.

எனக்கு உயிர் வந்தது. அத்தியாயங்களை முதலில் பென்டிரைவில் ஏற்றிவிட வேண்டும் என்று, அதைத் தேடி அலமாரிக்கு ஓடினேன். பென்டிரைவ் என்றைக்கு வைத்த இடத்தில் இருந்திருக்கிறது? கைப்பையில் இல்லை, இழுப்பறையில் இல்லை, கடைசியில் தையல் டப்பாவில் ஊசிகளுக்கு நடுவில் கிடந்தது. எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால், மானிட்டர் கறுப்பாக இருந்தது. அவர் மூடியைப் போட்டு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏன் அணைச்சீங்க?"

"திறந்த மெஷினை ஓட்டக் கூடாது. மூடிட்டு நிறுத்தி வச்சு ஆன் பண்ணுவோம். இனிமே ஒண்ணும் ஆகாது."

மேசைக்கடியில் நிமிர்த்தி வைத்து அழுத்தினார். விசிறி சுற்றியது, நின்றது.

அன்றைக்கு நான் அவரோடு பேசவில்லை. கோபத்தில் தோசைக்கல்லைப் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டு, என்னவாயிற்று என்று எட்டிப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றேன்.

அடுத்த நாள் ஆட்டோ பிடித்து, பெட்டியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு ராபர்ட்சன்பேட்டைக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கணவர் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். கடைக்காரர் என் வயதுக்காரர், அவசரமில்லாத மனிதர். பெட்டியை வாங்கி அவருடைய நீள மேசையில் படுக்கவைத்தார். வயர்களை மாட்டி, பட்டனை அழுத்தினார். ஓடியது. அணைத்து மறுபடி அழுத்தினார். ஓடியது. எத்தனை தடவை அழுத்தினாலும் ஒழுங்கான பிள்ளையாக ஓடியது. அவர் என்னைப் பார்த்த பார்வையில், வீட்டில் பொழுது போகாத அம்மா என்ற எண்ணம் தெரிந்தது.

"இதுல ஒண்ணுமே இல்ல மேடம். உங்க வூட்டு கரண்டைத்தான் பாக்கணும். எர்த்திங் சரியா இருக்காது."

கையிலிருந்த பையில் பென்டிரைவ் இருந்தது. அங்கேயே கேட்டு ஏற்றிக்கொண்டிருக்கலாம். ஆனால் பின்னால் ஆட்கள் நின்றார்கள், வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார், ஓடுகிறது என்ற நிம்மதி வேறு. அரை மணியில் வீட்டுக்குப் போய் நாமே நிதானமாகச் செய்துகொள்ளலாம் என்று நினைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, மேசைக்கடியில் வைத்து, வயரெல்லாம் மாட்டி, அழுத்தினேன். விசிறி சுற்றியது, நின்றது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. அந்தப் பெட்டியை ஓங்கி ஓர் உதை விட வேண்டும் போலிருந்தது. உள்ளே அத்தியாயங்கள் இருந்ததால் விடவில்லை.

கடைக்காரர் சொன்ன எர்த்திங் விஷயத்தைக் கணவரிடம் சொன்னதுதான் நான் செய்த அடுத்த தப்பு. இந்த வீட்டின் வயரிங் முழுவதும் அவர் கையால் செய்தது. அதைக் குறை சொல்ல அவன் யார் என்று முதலில் குதித்தார். பிறகு யோசித்தார். பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். எர்த் கம்பி புதைத்த குழியைத் தோண்டி, பழைய மண்ணை அள்ளிப்போட்டு, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். சமையலறையில் உப்பு ஜாடி காலியாயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே பார்த்து, தென்னங்கன்று வைக்கிறீர்களா என்று விசாரித்தார். ஒரு பகல் முழுவதும் அதில் போயிற்று. சாயங்காலம் கைகால் கழுவிக்கொண்டு வந்து, இப்போது அழுத்து என்றார், பூஜை முடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. அழுத்தினேன்.

விசிறி சுற்றியது, நின்றது.

பதிப்பாளர் மறுபடி கூப்பிட்டார். கையில் எழுதி போட்டோ எடுத்தாவது அனுப்ப முடியுமா என்று கேட்டார். எழுதியதை மறுபடி எழுதுவது எவ்வளவு கொடுமை என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? நாவலைப் புரட்டி அந்த அத்தியாயத்தைப் புதிதாகத் தொடங்கிப் பார்த்தேன். முதலில் எழுதிய வாக்கியம் நினைவுக்கு வரவில்லை, ஆனால் அது இதைவிட நன்றாக இருந்தது என்பது மட்டும் நினைவிருந்தது. காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்த்தால்தான் ஆச்சு என்றேன். ரயில் சத்தத்துக்கு நடுவில், சரி வரேன் என்றார்.

ஞாயிறன்று அண்ணன் ஒரு தோள்பையோடு வாசலில் வந்து நின்றார். பைக்குள் பெட்டிக்குக் கரண்ட் பிரித்துக்கொடுக்கும் சாதனம் ஒன்று, அலுவலகத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். என் கணவர் கதவைத் திறந்தார். வாங்க என்று கதவைப் பார்த்துச் சொன்னார். அண்ணன் தலையைக் கதவுக்கே ஆட்டிவிட்டு உள்ளே வந்தார். காபி குடித்தார்கள், ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

பெட்டியைக் கூடத்துத் தரையில் படுக்கவைத்து, இருவரும் ஆளுக்கொரு பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்தார்கள். நான் நடுவில் நின்றேன். என்னை நிற்கவைத்ததற்குக் காரணம் உடனே தெரிந்தது.

"லைட்டு கொஞ்சம் இந்தாண்ட காட்டச் சொல்லும்மா" என்றார் அண்ணன்.

டார்ச் என் கணவர் கையில்தான் இருந்தது. இரண்டு பேர் தலைக்கும் நடுவில் ஒரு ஜாண் இடைவெளிகூட இல்லை. "இந்தப் பக்கம் காட்டுங்க" என்றேன். காட்டினார். பிறகு, அந்த ஸ்க்ரூவைத் தரையில் போடாமல் கிண்ணத்தில் போடச் சொல்லு என்றார் என் கணவர். நான் அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் போட்டார். மதர்போர்டு போயிருந்தாலும் போயிருக்கும் என்று அவராண்ட சொல்லு என்றார் அண்ணன். போயிருந்தால் கடையில் எப்படி ஓடியது என்று அவர்கிட்ட கேளு. எர்த்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு சொல்லு. சம்பந்தம் இல்லாமலா உலகம் பூரா எர்த் போடுறாங்கன்னு கேளு. கன்னடத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறவள் நான். அன்றைக்குத் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தேன், அதுவும் வேர்த்து விறுவிறுத்து.

அண்ணன் கொண்டுவந்த சாதனத்தை மாற்றிப் போட்டார். படுக்கவைத்தபடியே அழுத்தினார். ஓடியது. பார்த்தியா, இதுதான் கோளாறு என்று சொல்லிவிட்டு, என்னைக் கேட்காமல், அணைத்தார். நான் பென்டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தேன். வேண்டாம் என்று வாய் திறப்பதற்குள் அணைத்துவிட்டார். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு ஆண்களும் அச்சு அசல் ஒன்று. மேசைக்கடியில் நிமிர்த்தி வைத்தார்கள். அழுத்தினார். விசிறி சுற்றியது, நின்றது.

எனக்குள் என்னவோ அறுந்துபோயிற்று. இரண்டு பேரையும் தள்ளிப் போகச் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பெட்டியை நானே இழுத்து, தரையில் படுக்கப்போட்டேன்.

"இது படுத்தாத்தானே ஓடுது? படுத்தே கிடக்கட்டும். இனிமே இதை யாரும் தொடாதீங்க. நிமிர்த்தணும்னு எவன் சொன்னான்?"

அழுத்தினேன். ஓடியது. பென்டிரைவைச் செருகி, இரண்டு அத்தியாயங்களையும் ஏற்றினேன். ஏறிவிட்டதா என்று திறந்து பார்த்தேன். கதாநாயகி இன்னும் வீட்டை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பென்டிரைவைப் பிடுங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மூச்சு வந்த பிறகு, கோபமும் வந்தது. அது என்ன, படுத்தால் ஓடுவது, நின்றால் நிற்பது? நானே அணைத்துவிட்டு, நிமிர்த்தி வைத்து, முகத்தைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பட்டனை அழுத்தினேன். விரலை எடுத்தேன். பட்டன் திரும்பி வரவில்லை. உள்ளே போனது போனபடி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, விளிம்பில் மாட்டிக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் அணைந்தது. நகத்தால் நெம்பினேன். டக்கென்று வெளியே வந்தது. மறுபடி அழுத்தி, உடனே நகத்தால் நெம்பிவிட்டேன். விசிறி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"பட்டன் மாட்டிக்குது" என்றேன்.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். அண்ணன்தான் முதலில் பேசினார். என்னைப் பார்த்துப் பேசவில்லை.

"பட்டனைப் புடிச்சிக்கினே இருந்தா தானா ஆஃப் ஆயிடும் மாப்ள. அதான் இது. அழுத்தினது வெளிய வர்ல, விரல் வச்சிக்கினே இருக்கற மாதிரி நினைச்சி ஆஃப் பண்ணிக்குது. படுக்க வச்சா விளிம்புல மாட்டாம தானா வெளிய வந்துடுது."

"எங்க பிளான்ட்லயும் இப்படித்தான் மச்சான்" என்றார் என் கணவர். "புஷ் பட்டன் ஒண்ணு மண்ணு புகுந்து மாட்டிக்கிட்டு, ஒரு ஷிப்ட் பூரா மோட்டரைப் பிரிச்சுப் போட்டோம்."

மாப்ள என்பதும் மச்சான் என்பதும் அந்தக் கூடத்தில் விழுந்ததை நான் மட்டும் கவனித்த மாதிரி இருந்தது. அவர்கள் அதற்குள் முன்பக்க மூடியைக் கழற்றத் தொடங்கியிருந்தார்கள். உள்ளே பட்டனைச் சுற்றிச் சயனைடு மேட்டு மண் மாவாகப் படிந்து இறுகியிருந்தது. நான் புடவைத் துணியால் மேல்பக்கத்தை மூடினேனே தவிர, முன்பக்கம் திறந்துதான் கிடந்திருக்கிறது. பட்டனுக்குப் பின்னாலிருந்த ஸ்ப்ரிங்கும் துவண்டுபோயிருந்தது. அண்ணன் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் கணவரிடம் காட்டினார்.

"நகத்தாலயே இப்படி அமுக்கி அமுக்கி வச்சிருக்கா பாருங்க மாப்ள."

"கட்டை விரல் மச்சான். காலிங் பெல் அடிக்கிற மாதிரிதான் அழுத்துவா. எத்தனையோ தடவை சொல்லிட்டேன்."

அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மிக்சியை ஓட்டியதும், கொல்லையைத் தோண்டியதும், ஓடிய இயந்திரத்தை ஆளுக்கொரு தரம் அணைத்ததும் யார் என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் அவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். சில வருஷங்களாக நான் எத்தனை பண்டிகைக்குத் தட்டு தூக்கியும் நடக்காதது, என்னைத் திட்டுவதில் நடந்துகொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டேன். ஆனால் சும்மா மூடிக்கொள்ளவில்லை. அப்பளத்தைப் பொரிக்கும்போது அடுப்போடு நிறையப் பேசினேன்.

என் பேனா ஒன்றைப் பிரித்து அதன் ஸ்ப்ரிங்கை வெட்டிப் பட்டனுக்குப் போட்டார்கள். பட்டன் புதுசு மாதிரி துள்ளியது. சாப்பிட உட்கார்ந்தார்கள். அண்ணன் வத்தக்குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். அந்த மைக் செட் பேச்சும் வந்தது. அன்றைக்கு ஸ்பீக்கர் புகைந்தது வாடகைக்குக் கொடுத்தவன் தப்பு என்று இரண்டு பேரும் ஒரே மனதாகத் தீர்மானித்தார்கள்.

சாயங்காலம் நான் அறைக்குள் போய் அந்தப் பத்தியை எடுத்தேன். கூடத்தில் பெங்களூர் ரயில் கூட்டம், சம்பளக் கமிஷன், பழைய சுரங்க ஷாஃப்டுக்குள் தண்ணீர் ஏறிக்கிடப்பது என்று சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். கதவைச் சாத்தினேன். அப்படியும் கேட்டது. கதாநாயகியை வீட்டை விட்டு அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனாலும் அன்றைக்கே இரண்டு அத்தியாயங்களும் போய்ச்சேர்ந்தன. பதிப்பாளர் ஒரு வார்த்தையில் கிடைத்தது என்று பதில் போட்டார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மார்க்கெட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது, வாசலில் அண்ணனின் செருப்பு கிடந்தது. உள்ளே கூடத்துத் தரையில் பெட்டி மல்லாந்து கிடந்தது, பக்கத்து மூடி திறந்து. கிண்ணத்தில் ஸ்க்ரூக்கள். இரண்டு பேரும் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நல்லாத்தானே ஓடிச்சு, இன்னா பண்றீங்க?" என்றேன்.

தூசி உள்ளே வராமல் இருக்க இன்னொரு விசிறி மாட்டப்போகிறார்களாம். சின்ன வேலைதானாம். அண்ணன் டார்ச்சை என் கணவரிடம் கொடுத்தார். காபி போடச் சொன்னார்கள், இரண்டு பேரும் சேர்ந்தாற்போல. பையைத் தரையில் வைத்துவிட்டு, காய்கறியை எடுக்காமலேயே போய், முதலில் என் பென்டிரைவ் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன்.